விரல்நுனியில் வாக்குத் தவம்

அஞ்சல் துறையில் 35 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். அவருடைய பெயரும் ஊரும் இங்கே வேண்டியதில்லை. அவரைப் போன்றவர்கள் இந்த நாட்டின் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். மிதிவண்டியில் கடிதப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாகச் சென்ற நாள்களில், கடிதத்தினுள் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அஞ்சலட்டையில் எழுதியது திறந்துதான் கிடக்கும். ஆயினும் அவர் கண் விலாசத்தைத் தாண்டிச் செல்லாது. அதே வேளையில் யாருக்கு, எங்கிருந்து என்று பாராமல் ஒரு கடிதத்தையும் அவர் எவர் கையிலும் கொடுத்ததில்லை. பெயர் ஒன்றாக இருந்து வீட்டு எண் வேறாக இருந்தால் நின்று விசாரிப்பார். விலாசதாரர் ஊரில் இல்லையென்றால் அந்தக் காரணத்தைக் கடிதத்தின்மேல் எழுதி, தேதியிட்டு, கையொப்பமிட்டு, அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்.

ஓய்வுபெற்ற பின்னர் மகன் அவருக்கு ஒரு கைபேசி வாங்கிக் கொடுத்தான். உறவினர் குழு ஒன்று, ஓய்வூதியர் குழு ஒன்று, சத்சங்கக் குழு ஒன்று, தெருவாசிகள் குழு ஒன்று என நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் அவர் சேர்க்கப்பட்டார். அதிகாலையில் எழுந்து நீராடி, விளக்கேற்றுவதற்குமுன் கைபேசியை எடுத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. அப்படி ஒரு நாள் காலையில் ஒரு செய்தி வந்தது. ஏழு வயதுக் குழந்தை, அறுவைச் சிகிச்சை, அரிய வகை இரத்தம் உடனே தேவை, தொடர்புகொள்ள ஓர் எண், தயவுசெய்து அனைவருக்கும் அனுப்புங்கள். பெரியவரின் நெஞ்சு பதறியது. குழந்தையை நினைத்துக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அடுத்த நிமிடமே நான்கு குழுக்களுக்கும் அதை அனுப்பிவிட்டு, ஒரு நற்செயல் செய்த நிறைவுடன் விளக்கை ஏற்றினார்.

உள்ளே இருப்பதைப் படிக்காமல் வெளியே இருப்பதைச் சரிபார்த்துக் கொண்டுசேர்த்தவர், இப்போது உள்ளே இருப்பதை மட்டும் படித்துவிட்டு வெளியே எதையும் சரிபாராமல் கொண்டுசேர்க்கிறார். ஆயுள் முழுவதும் கைக்கொண்ட முறை ஒரு நிமிடத்தில் தலைகீழானதை அவர் உணரவேயில்லை.

இணையமும் கைபேசியும் வாழ்க்கையை எப்படி மாற்றியுள்ளன என்று பேசப் புகுவோர் பெரும்பாலும் சில குறைகளையே சொல்கின்றனர். நேரம் வீணாகிறது, கண் கெடுகிறது, பிள்ளைகள் படிப்பதில்லை. எல்லாம் உண்மையே. ஆனால் இவற்றினும் ஆழமான ஒரு மாற்றம் போதிய கவனத்தைப் பெறவில்லை. வாக்கு என்னும் இந்திரியம் இடம் மாறியிருக்கிறது. கர்மேந்திரியங்கள் ஐந்தனுள் வாக்கையும் கையையும் முன்னோர் தனித்தனியாக எண்ணினர். பேசுவது வாக்கின் தொழில்; பற்றுவது கையின் தொழில். இன்று ஒருவன் நாள் முழுவதும் வாயைத் திறவாமலேயே ஆயிரம் பேரிடம் பேசிவிட முடிகிறது. பேசுவது அவனுடைய கட்டைவிரல். நாவுக்கு முன்னால் பல் என்றும் உதடு என்றும் இரண்டு கதவுகள் இருக்கின்றன. விரலுக்கு முன்னால் ஒரு கதவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, வாயால் சொல்லத் தயங்குகின்ற பலவற்றையும் மனிதர்கள் விரலால் தயங்காமல் அனுப்புகிறார்கள். “நான் சொல்லவில்லையே, வந்ததை அனுப்பினேன்” என்று பிறகு சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்கள்.

வதந்தி இந்த நாட்டுக்குப் புதிதல்ல. மேற்சொன்ன பெரியவர் பணியில் இருந்த நாள்களிலேயே ஒருவகை அஞ்சலட்டை அடிக்கடி வரும். ஏதோ ஒரு தலத்தில் நிகழ்ந்த அற்புதத்தைச் சொல்லி, இதைப் படித்தவர் இத்தனை பேருக்கு எழுதி அனுப்பினால் நன்மை, அலட்சியம் செய்தால் கேடு என்று முடியும். அனுப்பியவர் பெயர் இராது. பயந்தவர்கள் எழுதி அனுப்பினார்கள். ஆனால் அதற்கும் பத்து அட்டைகளைக் காசு கொடுத்து வாங்கவேண்டும்; உட்கார்ந்து பத்து முறை எழுதவேண்டும். நான்காவது அட்டையில் கை வலிக்கும், ஐந்தாவதில் அறிவு கொஞ்சம் விழித்துக்கொள்ளும். கை வலித்ததனாலேயே நின்றுபோன பொய்கள் எத்தனையோ!

1995-ஆம் ஆண்டு இவ்வகையில் நினைவுகூரத்தக்கது. அவ்வாண்டு ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியது இந்தியாவின் முதல் கைபேசி உரையாடல். ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை வழங்கத் தொடங்கியது. அதற்கு அடுத்த மாதம், செப்டம்பர் 21 அன்று, பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி விடியலில் எழுந்து ஒரே பகலில் நாடு முழுவதும் பரவியது. கடல் கடந்தும் சென்றது. கோயில்களின் முன் மைல் நீளத்துக்கு வரிசைகள். கைபேசியும் இணையமும் அன்று மிகச் சிலரிடமே இருந்தன. அச்செய்தியைச் சுமந்தவை வீட்டுத் தொலைபேசிகளும் தொலைபேசிக் கடைகளுமே. அரசின் அறிவியலாளர்கள் நிறம் கலந்த பாலை ஏந்திச் சென்று, கரண்டியின் விளிம்பிலிருந்து பால் கல்லின்மேல் மெல்லிய படலமாக வழிந்தோடுவதைக் காட்டினர். அன்று யாருக்கும் பெருந்தீங்கு நேரவில்லை. பக்தர்களின் மனத்தில் ஒருநாள் பரவசமும், பிறகு சற்றே வெட்கமும் மிஞ்சின. எனினும் கம்பிவழியே ஒரு சொல் எவ்வளவு விரைவாக ஓடும் என்பதை நாடு அன்று கண்டது.

2012 ஆகஸ்டில் அந்த வேகத்தின் மறுபக்கம் தெரிந்தது. அசாமில் நிகழ்ந்த வன்முறையை அடுத்து, தென்னகத்தில் வாழும் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவார்கள் என்ற குறுஞ்செய்திகள் பரவின. பெங்களூருவில் படித்துக்கொண்டும் வேலைபார்த்துக்கொண்டும் இருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒரே இரவில் மூட்டை கட்டினார்கள். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடவேண்டியதாயிற்று. ஒருவர் ஒரு நாளில் ஐந்துக்கு மேற்பட்ட குறுஞ்செய்திகளை மொத்தமாக அனுப்பக்கூடாது என்று மத்திய அரசு சில நாள்களுக்குத் தடைவிதித்தது. அவர்களுக்குச் செய்தி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் யார்? அவர்களுடைய நண்பர்கள், அவர்களுடைய தாய்மார்கள். “எச்சரிக்கையாக இரு” என்ற அன்பே அச்சத்தின் வாகனமாயிற்று.

பிறகு 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனத்தின் வருகையோடு இணையக் கட்டணம் சரிந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவரின் கைக்கும் அசையும் படங்கள் வந்துசேர்ந்தன. இது ஒரு பெரிய நன்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2018-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. குழந்தைகளைக் கடத்தும் கூட்டம் ஊருக்குள் புகுந்திருக்கிறது என்ற செய்தி அவ்வாண்டு மாநிலம் மாநிலமாகச் சுற்றியது. மே மாதத்தில் சென்னையைச் சேர்ந்த ஒரு மூதாட்டி தம் உறவினருடன் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள குலதெய்வக் கோயிலுக்குச் சென்றார். வழி கேட்பதற்காக நின்ற இடத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பாட்டிமார் செய்வதுதான். ஊரார் திரண்டு அடித்ததில் அவர் உயிரிழந்தார். ஜூலை முதல் நாள் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ராயின்பாடா என்னும் சிற்றூரில், பிச்சை ஏற்று வாழும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் வாரச் சந்தைக்கு வந்தனர். அவர்களில் ஒருவர் ஒரு சிறுமியிடம் பேச முயன்றதாகச் சொல்லி, ஐவரையும் ஊராட்சி அலுவலகத்துக்குள் அடைத்து அடித்தே கொன்றனர்.

அந்த நாள்களில் பரவிய காட்சிகளில் ஒன்று பலருக்கு நினைவிருக்கும். தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறைகிறார்கள். பார்த்தவர் பதறாமல் இருக்கமுடியாது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோருக்கு விழிப்புணர்வு ஊட்டுவதற்காக எடுக்கப்பட்ட நடிப்புப் படம். அதன் முடிவில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டார்கள். எஞ்சியது இந்தியாவில் ஊர்தோறும் ‘நம் பக்கத்து ஊரில் நேற்று நடந்தது’ ஆயிற்று.

“கண்ணாலே பார்த்தேன்” என்று அதைக் கண்டவர்கள் சொன்னார்கள். அறிவுநெறியின் நுட்பமான ஓர் இடம் இங்கே இருக்கிறது. பிரத்தியட்சம் என்பது இந்திரியம் பொருளோடு நேரே கூடுவதால் பிறக்கும் அறிவு என்று நியாய சாஸ்திரம் வரையறுக்கிறது. தமிழில் அளவை நூலார் அதைக் காட்சி என்றனர். கைபேசித் திரையைப் பார்ப்பவனின் கண் எதனோடு கூடுகிறது? திரையின் ஒளியோடு. அந்த அளவுக்கு அது காட்சிதான். ‘ஒரு படம் ஓடுகிறது’ என்ற அறிவு மெய்யே. ஆனால் அந்தப் படம் எந்த ஊரில், எந்த நாளில், எதற்காக எடுக்கப்பட்டது என்பதைக் கண் காணவில்லை. அதைப் படத்தோடு சேர்த்து எழுதியனுப்பிய யாரோ ஒருவர் சொல்கிறார், பார்ப்பவன் நம்புகிறான். ஆகவே அது காட்சி அளவை அன்று, உரை அளவை. பிறர் சொல் கேட்டு அறிந்ததைத் தானே கண்டதாக மனம் எண்ணிக்கொள்கிறது. கயிற்றில் பாம்பைக் காண்பவனுக்காவது எதிரே ஒரு கயிறு கிடந்தது. இவனுக்கு அதுவும் இல்லை. இன்றோ ஒருவர் பேசாத சொல்லை அவருடைய குரலிலேயே பேசவைக்கவும், செல்லாத இடத்தில் அவர் முகத்தைக் காட்டவும் கருவிகள் வந்துவிட்டன. திரையில் காண்பதெல்லாம் யாரோ ஒருவருடைய சாட்சியமே என்பதை மறவாதவனுக்கு இதில் புதிய ஆபத்து அதிகமில்லை. மறந்தவனுக்குப் பழைய படமே போதும்.

உரை அளவை என்றால் அது யாருடைய உரை என்ற கேள்வி உடனே எழும். பிறர் சொல்லால் பெறும் அறிவைச் சாஸ்திரம் தள்ளிவிடவில்லை. மனிதன் அறிந்திருப்பதில் பெரும்பகுதி பிறர் சொல்லக் கேட்டதுதான். தான் பிறந்த நாளையே ஒருவன் தாயின் சொல்லால்தான் அறிகிறான். ஆனால் அச்சொல் ஆப்தனுடைய சொல்லாக இருக்கவேண்டும் என்பது நியாயத்தின் நிபந்தனை. நியாய சூத்திரங்களுக்கு உரை வகுத்த வாத்ஸ்யாயனர் ஆப்தனின் நம்பகத்தன்மைக்கு மூன்று காரணங்களைக் காட்டுகிறார். சொல்லும் பொருளை அவன் நேரே அறிந்திருக்கவேண்டும். உயிர்களிடத்தில் அவனுக்குத் தயை இருக்கவேண்டும். உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும் என்ற விருப்பம் இருக்கவேண்டும். இந்த இலக்கணம் முனிவருக்கும் சான்றோருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்றும் அவர் சேர்த்துச் சொல்வது வியக்கத்தக்கது. பட்டமோ பதவியோ ஒருவனை ஆப்தனாக்குவதில்லை. குறிப்பிட்ட பொருளைப் பற்றிய நேரறிவும் நேர்மையுமே ஆக்குகின்றன.

பெரியவர் அனுப்பிய இரத்தச் செய்தியை இந்த மூன்றோடும் வைத்துப் பார்க்கலாம். தயை அவரிடம் நிரம்ப இருந்தது. சொல்லவேண்டும் என்ற விருப்பமும் இருந்தது. நேரறிவு மட்டும் இல்லை. அந்தக் குழந்தை யார், எந்த மருத்துவமனை, எந்த நாள் என்று அவருக்கு எதுவும் தெரியாது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அச்செய்தியை முதன்முதலில் எழுதியவர் ஆப்தராகவே இருந்திருக்கலாம். எழுதிய இரவில் அது முழு உண்மை. ஆனால் சில உண்மைகளுக்குத் தேதி உண்டு. அஞ்சல் நிலையத்தில் ஒவ்வொரு கடிதத்தின்மேலும் நாள் முத்திரை குத்தியதன் பொருளை அந்தப் பெரியவரைவிட அறிந்தவர் யார்? கைமாறி வரும் செய்தியில் முத்திரை இல்லை. ‘இன்று’ என்று அதில் எழுதியிருக்கும். எந்த இன்று?

“எனக்கு அனுப்பியவர் என் அண்ணன், அவர் பொய் சொல்லமாட்டார்” என்பது அடுத்து வரும் மறுமொழி. அண்ணன் பொய் சொல்லாதவரே. தம் வீட்டில் நேற்று என்ன நடந்தது என்று அவர் சொன்னால் அது ஆப்த வாக்கியம். கராச்சியைப் பற்றியும் இரத்த அணுக்களைப் பற்றியும் அவர் எதையும் நேரில் அறிந்தவரல்லர். அவரும் வந்ததை அனுப்பியவரே. அண்ணன்மேல் வைத்த நம்பிக்கை, அவர் கை தொட்டது என்பதற்காகவே, பெயர் தெரியாத ஒருவரின் சொல்லுக்குப் போய்ச் சேர்கிறது. இப்படி ஐம்பது நல்லவர்களின் கைகளைத் தொட்டு வந்த பொய், ஐம்பது பேரின் நற்பெயரையும் அணிந்துகொண்டு வாசலில் நிற்கிறது.

அப்படியானால் அனுப்பியவனுக்குப் பாவம் உண்டா? ராயின்பாடாவில் அடித்தவர்களுக்குத் தண்டனை என்ன என்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. எங்கோ இருந்துகொண்டு அக்காட்சியை மூன்று பேருக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப்போன தாய் ஒருத்தியின் நிலை என்ன? அவள் யாரையும் அடிக்கவில்லை. தன் பிள்ளையை நினைத்துப் பயந்தாள், அவ்வளவே. பதஞ்சலி முனிவர் இம்சை முதலிய தீமைகளை மூன்றாகப் பகுக்கிறார்: தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, செய்வதற்கு உடன்படுவது. அவற்றுக்குக் காரணங்களாகப் பேராசையையும் சினத்தையும் மோகத்தையும் சொல்கிறார். மோகம் என்றால் இங்கே தெளிவின்மை. தெளிவின்மையால் செய்தேன் என்பதைப் பதஞ்சலி விலக்கு அளிக்கும் காரணமாகச் சொல்லவில்லை. தீமையின் மூன்று வேர்களில் ஒன்றாகவே எண்ணுகிறார் என்பதை ஊன்றிப் பார்க்கவேண்டும். அந்தத் தாயைக் கொலைகாரி என்பது கொடுமை. அவளுக்கு இதில் பங்கேயில்லை என்பதும் பொய்.

கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் பகவான் தவத்தை உடல், வாக்கு, மனம் என்று மூன்றாக்கி, வாக்கின் தவத்துக்கு இலக்கணம் கூறுகிறார். கேட்பவரைக் கலங்கடிக்காதது, உண்மையானது, இனியது, நலம் பயப்பது ஆகிய சொல்லே தவமாகும் என்பது அதன் கருத்து. ஆதிசங்கரர் தம் உரையில், இவை அனைத்தும் ஒருங்கே அமையவேண்டும், ஒன்று குறைந்தாலும் வாக்குத் தவம் ஆகாது என்று வலியுறுத்துகிறார். உண்மையாக இருந்து கலக்கம் விளைப்பதும் போதாது. இனிமையாக இருந்து உண்மை இல்லாததும் போதாது. வாய்மையைத் தீங்கு பயவாத சொல் என்று விளக்கிய திருவள்ளுவரும் இதே திசையில் நிற்கிறார். காலைதோறும் குழுக்களில் வந்து குவிபவற்றை இந்த நான்கு வாயில்களிலும் நிறுத்திச் சோதித்தால் எத்தனை உள்ளே வரும்? மலர்ப் படத்தோடு வரும் காலை வணக்கம் வரலாம். இனியது, கலக்கம் தராதது. நாற்பது பேரிடமிருந்து நாற்பது மலர்கள் வரும்போது நலம் பயப்பதா என்பதில் மட்டும் சிறிது ஐயம்.

ஆன்மிக அன்பர்களே அதிகம் தவறும் இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சுவாமி விவேகானந்தர் சொன்னதாகவும் அப்துல் கலாம் சொன்னதாகவும் நாள்தோறும் வாசகங்கள் வருகின்றன. அவற்றுள் பல, அவர்கள் சொல்லாதவை. எந்த நூலில், எந்தச் சொற்பொழிவில் என்று கேட்டால் பதில் வருவதில்லை. “கருத்து நல்லதுதானே, யார் சொன்னால் என்ன?” என்கிறார்கள். யார் சொன்னாலும் ஒன்றென்றால் அதன்கீழ் ஏன் அந்த மகானின் பெயரையும் படத்தையும் போடவேண்டும்? அவர் பெயருக்குரிய மதிப்பை அவர் சொல்லாத சொல்லுக்குக் கடன் வாங்குவது அது. அதை எளிய விஷயமென்று நினைப்போர், இந்த நாட்டில் சொல்லைக் கைமாற்றித் தருவது எவ்வளவு பெரிய பொறுப்பாக இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். வேதத்தை எழுதிவைக்காமல் வாய்வழியே காத்தவர்கள், ஓர் அசையும் பிறழாதிருக்கப் பதம், கிரமம், ஜடை, கனம் என்று ஓதும் முறைகளை அமைத்தார்கள். கன பாடத்தில் முதற்சொல்லும் இரண்டாம் சொல்லும், பின் இரண்டாவதும் முதலாவதும், மீண்டும் முதலிலிருந்து மூன்றாவது வரை, மூன்றாவதிலிருந்து முதல் வரை, திரும்பவும் முதலிலிருந்து மூன்றாவது வரை என்று முன்னும் பின்னுமாக ஓதிச் செல்வார்கள். ஒரு சொல் இடம் மாறினால் அந்தப் பின்னலே காட்டிக்கொடுத்துவிடும். சிந்தாமணிக்கு 1887-இல் பதிப்புக் கொணர்ந்த உ.வே.சாமிநாதையர், ஏடு தேடி ஊர் ஊராக அலைந்ததும், ஒரே பாட்டைப் பல ஏடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் தமிழர் அறிந்ததே. தமக்கு வந்ததை அடுத்தவருக்குத் தருவதற்காகவே அவர்கள் அனைவரும் வாழ்ந்தார்கள். அவர்கள் செய்ததும் அனுப்புதல்தான்.

2018 ஜூலையில், வன்கொலைகளுக்குப் பிறகு, வாட்ஸ்அப் நிறுவனம் இரண்டு செயல்களைச் செய்தது. பிறரிடமிருந்து வந்து அனுப்பப்படும் செய்தியின்மேல் அதைக் குறிக்கும் ஓர் அடையாளத்தை இட்டது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாமல் செய்தது. 2020 ஏப்ரலில் பெருந்தொற்றைப் பற்றிய பொய்கள் பெருகியபோது, பல கைகள் மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கே அல்லது ஒரு குழுவுக்கே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. அதன் பின்னர் அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. இந்த 70 என்ற எண்ணை ஒரு சாதகன் சற்று நேரம் சிந்திக்கவேண்டும். அனுப்புவதை யாரும் தடைசெய்யவில்லை. வேண்டுமானால் இன்னொரு முறை தொட்டு இன்னொருவருக்கு அனுப்பலாம். அந்த இன்னொரு தொடுதலுக்குக்கூடத் தகுதியில்லை என்று அனுப்புவோரே விட்டுவிட்டவை அத்தனை! உயிர்போகும் அவசரம், உலகமே அறியவேண்டிய உண்மை என்று தோன்றியவை, விரலை மறுபடி ஒருமுறை அசைக்கவேண்டும் என்றவுடன் முக்கியமற்றவை ஆகிவிட்டன. முன்னொரு காலத்தில் நான்காவது அஞ்சலட்டையில் வந்த கைவலியை ஒரு நிறுவனம் செயற்கையாக உண்டாக்கித் தரவேண்டியிருந்தது. தமம் என்று வேதாந்தம் வகுத்த புலனடக்கத்தை இயந்திரம் மனிதனுக்காகச் செய்தது. நன்மைதான். ஆனால் மனிதன் செய்யாமல் விட்டதை இயந்திரம் செய்ததில் மகிழ்வதா வருந்துவதா என்று தெரியவில்லை.

இதையெல்லாம் கேட்டுக் கைபேசியைத் தூக்கி எறிந்துவிடத் தோன்றினால் அதுவும் தெளிவன்று. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, வீட்டு மாடிகளில் சிக்கியவர்களின் இருப்பிடத்தை உலகின் பல மூலைகளிலும் இருந்த இளைஞர்கள் இணையத்தில் திரட்டித் தந்தார்கள். மீனவர்கள் தம் படகுகளைக் கொண்டுவந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். அந்தப் பணியில் அலுப்பூட்டும் ஒரு வேலை இருந்தது. வந்த ஒவ்வொரு வேண்டுகோளிலும் இருந்த எண்ணை அழைத்து, “இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா? எத்தனை பேர்?” என்று கேட்பது. மீட்கப்பட்டவருக்காக மறுபடி ஒரு படகு போனால், மீட்கப்படாதவரிடம் அது போகாது. அழைத்துக் கேட்டவர்களின் தயை, அனுப்பியவர்களின் தயையைவிடச் சிறந்தது என்று சொல்வதில் பிழையில்லை. வாத்ஸ்யாயனர் கேட்ட நேரறிவை அவர்கள் தயையோடு சேர்த்தார்கள்.

ஓய்வுபெற்ற அந்தப் பெரியவருக்கு, அன்று செய்தியை அனுப்பிய சில வாரங்களுக்குப் பிறகு, அதே செய்தி இன்னொரு குழுவிலிருந்து திரும்பி வந்தது. அதே ஏழு வயது, அதே ‘இன்று’. கட்டைவிரல் வழக்கம்போல் எழுந்தது. விலாசத்தில் ஐயம் வந்தால் நின்றுவிடும் பழைய பழக்கம் எங்கிருந்தோ வந்து அதைத் தடுத்தது. அதிலிருந்த எண்ணை அழைத்தார்.

எடுத்தவர் ஒரு பெண்மணி. பெரியவர் விஷயத்தைத் தொடங்கியவுடனே, இத்தகைய அழைப்புகளுக்குப் பழகியவர் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. “ஐயா, அது ஆறு வருஷத்துக்கு முன்னாலே. அன்றைக்கு ராத்திரியே இரத்தம் கிடைத்துவிட்டது. பையன் இப்போது எட்டாவது படிக்கிறான்” என்றார். நாள்தோறும் யாராவது அழைப்பதாகவும், சில சமயம் நள்ளிரவிலும் மணி அடிப்பதாகவும் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. பெரியவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “எண்ணை மாற்றிக்கொண்டிருக்கலாமே, அம்மா” என்றார்.

“அன்றைக்கு முகம் தெரியாத மூன்று பேர் வந்து இரத்தம் கொடுத்தார்கள், ஐயா. அவர்கள் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர்களிடம் இந்த எண்தான் இருக்கிறது. என்றைக்காவது அவர்களுக்கு ஒரு தேவை வந்து கூப்பிட்டால் நான் எடுக்கவேண்டாமா?”

பெரியவர் அன்று வெகுநேரம் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தச் செய்தியின்கீழ், தாம் விசாரித்ததையும், இரத்தம் அப்போதே கிடைத்துவிட்டதையும், குழந்தை நலமாக இருப்பதையும், அந்த எண்ணை இனி யாரும் அழைக்கவேண்டாம் என்பதையும் எழுதினார். கீழே தம் பெயரை இட்டார், தேதியையும் இட்டார். முன்பு தாம் அனுப்பிய நான்கு குழுக்களுக்கும் அதை அனுப்பினார். தமக்கு முதலில் அந்தச் செய்தியை அனுப்பிய நண்பருக்கும் அனுப்பி, “உங்களுக்கு யார் அனுப்பினார்களோ அவர்களுக்கு இதைத் திருப்புங்கள், அவர்களையும் அவ்வாறே செய்யச் சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொண்டார். நண்பர் தம் மைத்துனருக்குத் திருப்பினார். மைத்துனர் தம் அலுவலகத் தோழருக்குத் திருப்பினார். அந்தத் தோழர், தமக்கு யார் அனுப்பினார்கள் என்பது நினைவில் இல்லை என்று பதில் எழுதினார்.